அப்பாவுக்கு உப்பு பிடிபடல, வாய் வறண்டே கிடக்கு: எச்சில் ஏன் நின்னு போகுது?

திங்கள்சந்தைக்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

எங்க அப்பா தவசிப்பிள்ளை. 41 வருசமா கல்யாண வீட்டுப் பந்திக்குச் சமைக்கிறாவ. இந்தப் பக்கம் கருங்கல்லுல இருந்து அந்தப் பக்கம் பூதப்பாண்டி வரைக்கும் அவிய வச்ச எரிசேரியைத் தின்னாத குடும்பம் கொஞ்சமாத்தான் இருக்கும். வயசு 67. சுகர் உண்டு, மாத்திரையில அடங்கிக் கிடக்கு.

உப்புப் பாக்கும்போது அப்பா சட்டுவத்துல ஒரு துளி எடுத்து இடது உள்ளங்கைக் குழியில விடுவாவ. ஊதி ஆத்தி, நக்கி, கண்ணை மூடி, நாக்கை மேலண்ணத்துல ஒட்டி எடுத்து ஒரு சத்தம் போடுவாவ. அந்தச் சத்தம் கேட்டா அடுப்படியில நிக்கிற எல்லாரும் பேச்சை நிறுத்துவோம். பிறகு "ஒரு பிடி"ன்னோ "போதும்"ன்னோ ஒரே ஒரு சொல்லு. அந்தச் சொல்லு பிசகி நான் பாத்ததில்ல.

6 மாசமா அந்தச் சத்தமே வரமாட்டேங்குது. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு வலிச்சு எடுக்கவேண்டியிருக்கு. போன மாசம் ஒரு நிச்சயதார்த்த வீட்டுல சாம்பாருக்கு மூணு தடவை உப்புப் போட்டுட்டாவ. பாதிச் சோத்தோட இலையை மடிச்சிட்டு எழும்பினவங்களை நான் பாத்தேன். அப்பாவும் பாத்தாவ. அண்ணைக்கு ராத்திரி வீட்டுல ஒரு வார்த்தை பேசல.

வெறுஞ்சோறு தொண்டையில இறங்கல. பப்படம் அண்ணத்துல அப்பிக்கிடுது. ராத்திரி மூணு தடவை தண்ணி குடிக்க எழும்புறாவ. நாக்கு நடுவுல வெடிப்பு விழுந்திருக்கு. முறுக்கான் போடுறதும் கூடிப்போச்சு, "அதைப் போட்டாத்தான் வாயில நனவு இருக்கு"ங்கிறாவ. புகையிலை விட்டு ரொம்ப வருசமாச்சு. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டுந்தான்.

எனக்குப் புரியாதது இதுதான். எரிசேரிக்குத் தேங்காய் வறுக்கிற பக்குவம் இப்பவும் அச்சுப் பிசகல. தப்புறது உப்பும் புளியும் மட்டும். டாக்டர்கிட்ட போனோம், "தண்ணி நிறைய குடிங்க"ன்னு ரெண்டு நிமிசத்துல அனுப்பிட்டாங்க. தண்ணி குடிச்சா அஞ்சு நிமிசத்துல பழையபடி காஞ்சு போகுது.

எச்சில் எங்க இருந்து ஊறுது, எப்படி ஊறுது? வயசானா நின்னு போகுமா? திரும்ப வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்கலை விலங்கியல் சார்:

மக்ளே, பாதிப் பதில் உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு. வறுத்த தேங்காய்க்கு மணம் உண்டு, மூக்கு சொல்லிடும். உப்புக்கு மணம் கிடையாது. அதை நாக்குதான் சொல்லணும். நாக்குக்குச் சொல்லத் தெரியணும்னா எச்சில் வேணும். ஒவ்வொரு சுவை மொட்டுக்கும் உச்சியில கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை இருக்கு. எச்சில்ல கரைஞ்சு போற பொருளுக்குத்தான் அந்தத் துளைக்குள்ள வழி. சுத்தமான துணியால நாக்கை நல்லா ஒத்தி எடுத்துட்டு ஒரு கல்லுப்பை வச்சுப் பாருங்க. ஈரம் ஊறுற வரைக்கும் அது வெறும் கல்லு.

சாம்பார் ஏற்கெனவே தண்ணியாத்தானே இருக்குன்னு கேப்பீங்க. எச்சில் கரைக்க மட்டும் இல்ல, கழுவவும் வேணும். முதல் துளியோட உப்பை அது அடிச்சுக்கிட்டுப் போனாத்தான் அடுத்த துளி நாக்குக்குப் புதுசாத் தெரியும். வறண்ட வாயில பழசும் போகாது, புதுசும் உறைக்காது.

எங்க இருந்து ஊறுதுன்னு கேட்டீங்க. கண்ணாடி முன்னால வாயைத் திறந்து நாக்கை மேல தூக்குங்க. நாக்கைக் கீழே கட்டியிருக்கிற அந்த நடுச்சவ்வுக்கு ரெண்டு பக்கமும் கடுகளவு மேடு தெரியும். அதுதான் கீழ்த்தாடைச் சுரப்பியோட வாய்க்கால் வந்து திறக்கிற இடம். உப்பிலிட்ட நெல்லிக்காயை ஒரு கடி கடிச்சிட்டு உடனே பாத்தீங்கன்னா தெளிஞ்ச துளி அங்க திரண்டு வர்றது கண்ணுக்கே தெரியும். மேல் கடைவாய்ல ரெண்டாவது பெரிய பல்லுக்கு நேரா, கன்னத்து உள்பக்கம் நாக்கால தடவினா ஒரு சின்ன முண்டு தட்டுப்படும். அது காதடிச் சுரப்பியோட வாசல். பொன்னுக்கு வீங்கி வந்தா காதுக்குக் கீழ வீங்குதே, அதே சுரப்பி. மூணாவது சோடி நாக்குக்கு அடியிலேயே படுத்திருக்கு. இதெல்லாம் போக உதட்டுலயும் கன்னத்துலயும் அண்ணத்துலயும் நூத்துக்கணக்குல குட்டிக் குட்டிச் சுரப்பிகள்.

சும்மா இருக்கும்போது நிமிசத்துக்கு 0.3 மில்லி போல ஊறும். அதுல பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியோடது, கொஞ்சம் கொழகொழப்பு உள்ளது. வாயில போட்டதை மெல்லத் தொடங்கினா காதடிச் சுரப்பி வெள்ளம் மாதிரி மெல்லிசுத் தண்ணியை விடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர்ல இருந்து 1.5 லிட்டர் வரைக்கும். தூங்கும்போது கிட்டத்தட்ட நின்னுடும். நல்ல வாய் உள்ளவனுக்கே விடியக்காலம் நாக்கு ஒட்டுதுன்னா, அப்பாவோட ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்கு விளங்குது.

சுரப்பியை உள்ள பாத்தா திராட்சைக்குலை மாதிரி. ஒவ்வொரு மணியும் ஒரு உருண்டையான செல் கூட்டம், காம்பு எல்லாம் வாய்க்கால். மணியில இருக்கிற செல் முதல்ல குளோரைடை உள்பக்கமாத் தள்ளும். அது பின்னால சோடியம் போகும், ரெண்டுக்கும் பின்னால ரத்தத்துல இருந்து தண்ணி போகும். அப்போ அது ரத்தத்து அளவுக்கே உப்பு. வாய்க்கால் வழியா வரும்போது அந்தக் குழாயோட சுவர் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கிடும், தண்ணியை மட்டும் உறிஞ்சாது. அதனால சும்மா இருக்கும்போது வாய்க்கு வந்து சேர்ற எச்சில்ல சோடியம் ரத்தத்துல உள்ளதுல பத்துல ஒரு பங்குதான். 30 வருசம் இதைப் பாடமா நடத்தியும் எனக்கு ஆச்சரியம் தீரல. வாயில எப்பவும் நிக்கிற தண்ணி அவ்வளவு உப்புக் குறைஞ்சதா இருக்கிறதுனாலதான் குழம்புல ஒரு சிட்டிகை கூடினாலும் நாக்கு கண்டுபிடிக்குது. உங்க அப்பா 41 வருசமா தொழில் செஞ்சது அந்த வித்தியாசத்தை வச்சுத்தான்.

ரத்தம் வடிகட்டி வர்றதுதான் எச்சில்னு ஒரு காலத்துல நெனைச்சாங்க. 1850-களின் தொடக்கத்துல கார்ல் லூத்விக்னு ஒரு ஜெர்மன் அறிஞர் சுரப்பிக்குப் போற நரம்பைத் தூண்டி, வாய்க்கால்ல அழுத்தத்தை அளந்து பாத்தாரு. எச்சிலோட அழுத்தம் ரத்தக்குழாய் அழுத்தத்தை மிஞ்சி நின்னுது. வெறும் வடிகட்டலா இருந்தா மிஞ்ச வழியே இல்ல. சுரப்பி தானா வேலை செஞ்சு தள்ளுது, நரம்பு அதுக்கு உத்தரவு கொடுக்குது.

இந்த உத்தரவு விசயம் உங்களுக்கு முக்கியம். கணையத்துக்கு ரத்தம் வழியாவும் சேதி போகும். 1902-ல பேலிஸ், ஸ்டார்லிங் ரெண்டு பேரும் செக்ரெட்டின்கிற ஹார்மோனைக் கண்டுபிடிச்சது அதுல இருந்துதான். இரைப்பைக்கு நரம்பு, ஹார்மோன் ரெண்டும் உண்டு. எச்சில் மட்டும் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க நரம்போட பிடியில. மூளைத்தண்டுல இருந்து உத்தரவு வரும். அதனாலதான் மாங்காயை நெனைச்சாலே ஊறுது. ரஷ்ய அறிஞர் பாவ்லோவ் நாய்களை வச்சுக் காட்டினதும் இதையே. ஆனா 1904-ல அவருக்கு நோபல் பரிசு கெடைச்சது செரிமானச் சுரப்பிகள் எப்படி வேலை செய்யுதுங்கிற ஆராய்ச்சிக்கு.

பயம் வந்தாலும் வாய் உலரும். வகுப்புல ஒரு சோதனை செய்வோம். கஞ்சித் தண்ணியில அயோடின் விட்டா கருநீலம். அதுல பிள்ளைங்க எச்சிலைக் கலந்து, சோதனைக் குழாயைக் கைக்குள்ள பொத்தி இளஞ்சூடா வச்சிருந்தா கொஞ்சம் கொஞ்சமா நீலம் வெளுத்துப் போகும்; எச்சில்ல உள்ள அமிலேஸ்ங்கிற நொதி மாவுச்சத்தை உடைச்சிடும். ஒரு வருசம் ஒரு பிள்ளைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்கன்னு ஒரு சொட்டுகூட வரல. கண்ணு கலங்கிட்டு. தனியா வராந்தாவுல நிக்கவச்சு, வீட்டுல அம்மா வைக்கிற சாளைக் குழம்பைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல குழாயை நீட்டுது, பாதி நிறைஞ்சிருக்கு.

வயசைப் பத்தி ஒண்ணு சொல்றேன். வயசானா சுரப்பி கொஞ்சம் சுருங்கும், உண்மை. ஆனா வயசு மட்டுமே இவ்வளவு வறட்சி தராது. வேற காரணம் இருக்கும், அதைத் தேடணும்.

குளச்சல் கடக்கரைக்காரன்:

தங்கச்சி, அப்பா படுறது எனக்குத் தெரியும். 2019-ல எனக்குத் தொண்டையில புற்று, 33 நாள் கரண்ட் வச்சாங்க, அதான் கதிர்வீச்சு. ரெண்டாவது வாரத்துல எச்சில் பசை மாதிரி நூலா இழுக்க ஆரம்பிச்சுது, பிறகு அதுவும் இல்ல. வீட்டுக்காரி வச்ச நெத்தோலிக் குழம்பு வாயில மண்ணு மாதிரி இருந்துது. ருசி ஒரு வருசத்துல ஏறக்குறைய வந்துட்டு. எச்சில் பாதிதான் வந்திருக்கு. கதிர்பட்டு செத்துப்போன சுரப்பி முழுசாத் தழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு அந்த மாதிரி ஒண்ணும் நடக்கல, அதனால வழி இருக்கும்.

நான் செய்றதைச் சொல்றேன். சாப்பிட உக்காருறதுக்கு முன்னால இளஞ்சூட்டுத் தண்ணியில வாயை நல்லா அலசித் துப்பிட்டுத்தான் முதல் வாய் வைப்பேன். ருசியில அதுவே பாதி வித்தியாசம் தருது. மரச்சீனிக்கிழங்கை நல்லா மசிச்சு மீன்கறிச் சாறு நிறைய ஊத்திக் குழைச்சா இறங்கிடும். பப்படம், அவலு, ரஸ்க் எல்லாம் விட்டாச்சு. சட்டைப் பையில சின்னத் தண்ணிக் குப்பி, மடக்கு மடக்கா இல்ல, நாக்கு நனையிற அளவு. ராத்திரி படுக்கும்போது ரெண்டு துளி தேங்காயெண்ணெயை நாக்குலயும் உதட்டுலயும் தடவிக்கிடுவேன்.

ஒரு தப்பு செஞ்சேன், அதை அப்பா செய்யக்கூடாது. புளிப்புப் பட்டா எச்சில் ஊறுமேன்னு எலுமிச்சை மிட்டாயை நாள் முழுக்கச் சப்பினேன். ரெண்டு வருசத்துல ஈறு ஓரமா நாலு பல்லு அரிச்சு ஒடிஞ்சுட்டு. பல் டாக்டரம்மா பொறுமையா விளக்கினாவ: எச்சில்தான் புளிப்பை முறிக்கும், பல்லுக்கு கால்சியம் கொடுக்கும்; அது இல்லாத வாயில புளிப்பும் இனிப்பும் சேந்தா பல்லு சுண்ணாம்பு மாதிரி கரையும். இப்போ சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்றேன், புளூரைடு பேஸ்ட்டு ரெண்டு நேரமும்.

ராத்திரி டூட்டி அக்கா:

நான் 22 வருசமா நர்ஸ். சுருக்கமா சொல்றேன், வார்டுக்குப் போகணும்.

அப்பா சாப்பிடுற மாத்திரை அட்டை அத்தனையும் எடுத்து மேசையில பரப்புங்க. டாக்டர் எழுதினது மட்டும் இல்ல, மெடிக்கல்ல நேரா போய் வாங்கினதும். தூக்கத்துக்கு, சளிக்கு, கால் எரிச்சலுக்கு, மூத்திரக் கோளாறுக்கு, பிரசருக்குன்னு வாயை உலர்த்துற மாத்திரைகள் ஒரு கூட்டமே உண்டு. சுகர் கூடினாலும் வாய் உலரும், அதையும் பாத்துடுங்க. கண்ணும் சேந்து உறுத்துதான்னு கேளுங்க. உடம்போட எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குற ஒரு நோய் இருக்கு, அதுல கண்ணீரும் வத்தும்.

எச்சிலை அளந்து எழுதிட்டுப் போங்க. காலையில ஒண்ணும் சாப்பிடாம, பல்லு தேய்ச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, தலையைக் கொஞ்சம் குனிஞ்சு உக்காந்து, மெல்லாம பேசாம, வாயில சேருறதை 15 நிமிசம் ஒரு சின்னக் கப்புல துப்பச் சொல்லுங்க. 1.5 மில்லிக்குக் கீழ இருந்தா குறைவு. "வாய் காயுது"ன்னு வாயால சொன்னா ரெண்டு நிமிசம் கேப்பாங்க, எண்ணோட போனா உக்காரவச்சுக் கேப்பாங்க.

எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க.

திங்கள்சந்தைக்காரி:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன்.

அக்கா சொன்னபடி அளந்தோம். இருமல் மருந்துக் கப்புல துப்பவச்சு, நுரை அடங்குற வரைக்கும் காத்திருந்து, ஊசியில்லாத சிரிஞ்சால உறிஞ்சிப் பாத்தேன். 0.8 மில்லி. அப்பா அந்தச் சிரிஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தாவ. "இவ்வளவுதானா மக்ளே"ன்னு மட்டும் கேட்டாவ.

மாத்திரை அட்டையைப் பரப்பினதுல ரெண்டு கெடச்சுது. கால் எரிச்சலுக்கு ராத்திரி அமிட்ரிப்டிலின், 8 மாசமா. இன்னொண்ணு அலமாரிக்கு மேல, பஞ்சாங்கத்துக்கு அடியில இருந்துது. விறகுப் புகையில தும்மல் வருதுன்னு கடையில வாங்கித் தினமும் ஒண்ணு போட்டிருக்காவ. அட்டையில குளோர்பெனிரமின்னு இருக்கு. இது எந்த டாக்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கண் உறுத்தல் இல்ல. சுகர் அளவு பரவாயில்ல.

சார், இந்த ரெண்டும் எப்படி எச்சிலை நிறுத்தும்? முறுக்கான் போட்டா மட்டும் எப்படி ஊறுது?

தக்கலை விலங்கியல் சார்:

மக்ளே, ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்.

நரம்பு முனையில இருந்து அசிட்டைல்கோலின்னு ஒரு சரக்கு வரும். சுரப்பி செல்லுல அதுக்குன்னே ஒரு பூட்டு. அது போய்த் திறந்தாத்தான் தண்ணி ஊறும். அப்பா போடுற ரெண்டு மாத்திரையும் வேற வேலைக்கு வந்தது, ஆனா போற போக்குல இந்தப் பூட்டுக்குள்ளயும் போய் அடைச்சிக்கிடும். உத்தரவு வருது, கதவு திறக்கல. நம்ம வேலியோரத்துல நிக்கிற ஊமத்தையைத் தெரியாமத் தின்னவங்களுக்கு வாய் பொரிஞ்சு போகுமே, அதுவும் இதே பூட்டை அடைக்கிற சரக்குதான். ஒரு மாத்திரைக்குத் தாங்கியிருக்கும். ரெண்டும் சேரவே வத்திப்போச்சுன்னு நெனைக்கிறேன்.

பாக்குல அரிகோலின்னு ஒண்ணு இருக்கு. அது அசிட்டைல்கோலின் மாதிரியே வேசம் போட்டு அதே பூட்டைத் திறக்கும். உங்க அப்பாவோட உடம்பு தனக்கு என்ன வேணும்னு சரியாத்தான் தேடியிருக்கு, தேடின இடந்தான் ஆபத்து. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும்னு உலகச் சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல வெளியிட்ட தொகுப்புல தெளிவா வகைப்படுத்தியிருக்கு. குளச்சல் தம்பி எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. வறண்ட வாயில தோலுக்குக் காவல் குறைவு. கிருமியைக் கொல்ற லைசோசைம், எதிர்ப்புப் புரதம், வழுவழுப்பு எல்லாம் எச்சிலோட வந்து தோலைப் போர்த்துறது. அந்தப் போர்வை இல்லாத கன்னத்துல பாக்கை அடக்கி வைக்கிறதை நெனைச்சா எனக்குப் பதறுது. கன்னத்து உள்ள வெள்ளைத் திட்டோ, வாய் திறக்க இறுக்கமோ இருக்கான்னு பல் டாக்டர்கிட்ட இந்த வாரமே காட்டுங்க.

இந்தப் பூட்டைத் திறக்கிற பைலோகார்பைன்னு ஒரு மருந்தும் உண்டு, பிரேசில் நாட்டுச் செடியில இருந்து முதல்ல எடுத்தது. அப்பாவுக்குத் தேவையா, ஆகுமாங்கிறது டாக்டர் முடிவு. முதல்ல அடைச்சதை எடுத்துப் பாக்கட்டும்.

திங்கள்சந்தைக்காரி:

5 வாரம் கழிச்சு எழுதுறேன்.

எண்ணையும் ரெண்டு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டினோம். இந்தத் தடவை டாக்டர் உக்காரவச்சுக் கேட்டாங்க. கடை மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, தும்மலுக்கு மூக்குல அடிக்கிற ஸ்ப்ரே கொடுத்தாங்க. கால் எரிச்சல் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு வேற மாத்திட்டாங்க. புது மாத்திரையில எரிச்சல் முன்ன அளவுக்கு அடங்கல, ராத்திரி காலைத் தண்ணியில நனைச்சுட்டுப் படுக்கிறாவ. ஆனாலும் இதுதான் வேணும்ங்கிறாவ.

பல் டாக்டர் கன்னத்துல திட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னப்போ எனக்கு மூச்சு வந்துது. முறுக்கான் பெட்டியை அப்பாவே எடுத்து அம்மாகிட்ட கொடுத்தாவ. கை இன்னும் இடுப்புல தேடுது, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நேத்து காலையில அளந்ததுல 2.3 மில்லி.

மத்தியானம் நான் உள்ளித்தீயல் வச்சேன். அப்பா அடுப்படிக்கு வந்து, குளச்சல் அண்ணன் சொன்ன மாதிரி சுடுதண்ணியில வாயை அலசித் துப்பிட்டு, உள்ளங்கையில ஒரு துளி கேட்டாவ. கண்ணை மூடினாவ. சத்தம் வந்துது, பழைய அளவுக்கு இல்ல, மெல்லிசா. "உப்பு போதும், புளி கூடிட்டு"ன்னாவ. எனக்குக் கூடினதாத் தெரியல. அம்மாவும் ஒரு துளி எடுத்துப் பாத்தா. ஆமா, கூடியிருக்குன்னு சொல்லிட்டு வெல்லம் எடுக்கப் போனா.

சிரிஞ்சும் கப்பும் கழுவி அடுக்களைத் தட்டுலயே வச்சிருக்கேன். அடுத்த மாசம் அளந்துட்டு எழுதுறேன்.